கேக்கல, டீச்சர்!

ஸ்ரீரங்கம் போகிற பஸ்கள் காவிரிப் பாலத்தில் ஏறும் முன் நீளமாக ஒரு ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு எங்கள் பத்தாம் வகுப்பின் ஜன்னல் கம்பிகள் மெல்ல அதிரும், அதில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கடைசி பெஞ்சில் எனக்கிருந்த முக்கியமான வேலை. எந்த ஆசிரியருக்கும் அந்த அறை பிடிக்காது. தமிழ் எடுத்த ஜெயமேரி டீச்சர் மட்டும் வெள்ளிக்கிழமைப் பேச்சு வகுப்புக்கு அதையே கேட்டு வாங்கிக்கொண்டார். "பஸ்ஸத் தாண்டிப் போற பேச்சுதான் பேச்சு" என்பார்.

அப்பா தொட்டியத்திலிருந்து வாழைத்தார் லாரியோடு வந்து, மார்க்கெட்டில் சுமை தூக்கத் தங்கிவிட்டவர். விடியலில் அவரோடு தார் இறக்கிவிட்டுப் பள்ளிக்கு வருவேன் என்பதால் பெரும்பாலான பாடங்கள் எனக்குத் தூக்கத்தில்தான் நடந்தன. வெள்ளிக்கிழமை மட்டும் தூங்கியதில்லை, ஏனென்றால் அன்று மார்க் போடுவது நாங்கள். மற்ற இடங்களில் உச்சரிப்புக்கு இவ்வளவு, கையசைவுக்கு இவ்வளவு என்று நடுவர்கள் போடுவார்கள். டீச்சரோ அந்த அதிகாரத்தைக் கடைசி பெஞ்சுக்குக் கொடுத்திருந்தார். "காதுல விழலன்னாலும் சொல்லு, மண்டையில ஏறலன்னாலும் சொல்லு" என்பது எங்களுக்கான உத்தரவு. நாங்கள் "கேக்கல, டீச்சர்!" என்று கத்தினால், பேசுகிறவர் அதே விஷயத்தை மறுபடி சொல்ல வேண்டும், ஆனால் அதே வரியில் அல்ல. "அதே வரியச் சொன்னா நீ டேப் ரிக்கார்டர். வேற மாதிரி சொல்லு." எதையும் யாரும் கேட்டிராத எங்களிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டார், கத்துவதற்காகவாவது நாங்கள் கவனிக்க வேண்டியிருந்தது. இன்றும் அந்த யுக்தியை நினைத்தால் எனக்கு வியப்புதான்.

மெஹருன்னிசாவின் குரல் எறும்பு நடப்பது போல இருக்கும். முதல் வெள்ளிக்கிழமை அவளை வணக்கத்தைக்கூடத் தாண்ட விடவில்லை. கடைசியில் அவள் என் பக்கம் திரும்பி, "ஏன்டா, அது காதா, வாழத்தண்டா?" என்றாள். வகுப்பே சிரித்தது.

"இது கேட்டுச்சா?" என்றார் டீச்சர்.

"நல்லாக் கேட்டுச்சு, டீச்சர்!"

"அந்தத் தொண்டையிலயே பேசும்மா."

அன்றிலிருந்து அவள் வாரத்துக்கு வாரம் வளர்ந்தாள். ஆண்டு விழாவில் பேச அவளையே தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பேச்சின்மேல் அவளுக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிடலாம் என்று அவள் மாமு, அம்மாவோடு கூடப் பிறந்தவர், வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த அத்தா, மகள் மேடையில் பேசுவதை ஒரு முறை பார்த்துவிட்டால் பதினொன்றில் சேர்த்துவிடுவார் என்பது அவள் கணக்கு.

ஆனால் விழாப் பேச்சைத் தலைமையாசிரியர் தாமே எழுதிக் கொடுத்து, ஒரு வார்த்தை மாறக் கூடாது என்றுவிட்டார். நீர் வளம் பற்றி, மூச்சுவிட இடமில்லாத வாக்கியங்கள். அவள் நாலாவது வரியில் நின்றாள். மனப்பாடம் செய்தவர்களுக்கு நின்ற இடத்திலிருந்து போகத் தெரியாது, வணக்கத்துக்குத்தான் திரும்புவார்கள். அவளும் "அவையோர் அனைவருக்கும்" என்று மறுபடி தொடங்கி, அதே நாலாவது வரியில் மறுபடி நின்றாள். மூன்றாம் முறை கூட்டம் சிரித்தது. கடைசி வரிசையில் மாமு எழுந்து, "வாங்க மச்சான், போவோம்" என்றார். அத்தாவும் சேரைப் பின்னுக்குத் தள்ளினார்.

அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்த நான் என்னை மீறிக் கத்தினேன்: "கேக்கல, டீச்சர்!"

உடற்கல்வி ஆசிரியர் என் காலரைப் பிடித்துவிட்டார். மேடையில் அவள் நிமிர்ந்தாள். ஒரு கணம்தான், பிறகு மைக்கில் அந்த வாழைத்தண்டுக் குரல் வந்தது. "எங்க தெருக் குழாய்ல தண்ணி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாதுங்க. எங்கம்மா குடத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் தொழுவாங்க. ரெண்டு ஆறு ஓடுற ஊர்ல குடம் எதுக்குங்க காத்துக் கிடக்கணும்?"

உடற்கல்வி ஆசிரியர் என்னை வெளியே தள்ளிவிட்டதால், மீதியைப் பள்ளி வாசலில் நின்று கேட்டேன். கைதட்டல் ஓய்ந்து ஆட்கள் வெளியே வந்தபோது அவள் அத்தா என் முன்னால் நின்றார்.

"நீதானே சத்தம் போட்டது?"

"ஆமாங்க. கேக்கலன்னா வேற மாதிரி சொல்லணுங்க, அது எங்க கிளாஸ் வழக்கம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகளிடம், "கடைசிச் சேர் வரைக்கும் கேட்டுச்சும்மா" என்றார். மாமுவிடம், "மச்சான், இது படிக்கட்டும்" என்றார்.

ஜூனில் அவள் பதினொன்றில் சேர்ந்தாள். நான் கணக்குப் பாடத்தில் தவறி வாழைத்தார் லாரியில் ஏறினேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. இப்போது பஸ்ஸில் ஏறித் தைலம் விற்கிறேன்.

போன மாதம் அந்தப் பள்ளி வழியாக வந்தேன். ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள், ஹாரன் உள்ளே போகாது. எதிர் டீக்கடையில் கடைக்காரர் மகள் போனை டம்ளரில் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சுப் போட்டிக்கு வீடியோ அனுப்ப வேண்டுமாம். ஓரிடத்தில் நின்றாள், அழித்தாள், வணக்கத்திலிருந்து தொடங்கினாள். மறுபடி நின்றாள், அழித்தாள். போன் எவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாலும், கேட்கவில்லை என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு பஸ் வந்துவிட்டது. ஏறி நின்று தைலத்தின் பெருமையைத் தொடங்கினேன், பாலத்துக்கு முன் டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

"ஏங்க, பின்னாடி ஒண்ணுமே கேக்கல!" என்றார் கடைசி சீட்டிலிருந்து ஓர் அம்மா.

"இதோ, சொல்றேங்க" என்று வேறு மாதிரி சொல்லத் தொடங்கினேன்.