மாதா கோயில் மண்

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ ஒருவரின் கட்டைப் பிரித்தார்கள். அழுகிய சதையின் நாற்றம் அடித்தது. கூடவே ராசாத்தி அத்தையின் நினைவும் வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். அத்தையின் காலில் சர்க்கரைப் புண். அரியலூரில் எங்கள் வீடே சீழ் நாறும். சோற்றில்கூட அந்த வாடைதான். ஏலாக்குறிச்சி மாதா கோயில் மண்ணைப் பூசினால் ஆறிவிடும் என்று யாரோ அத்தையிடம் சொல்லியிருந்தார்கள். சாமியே இல்லை என்பவர் அப்பா. "மண்ணு புண்ண ஆத்துமா? கால அழுக வெச்சிரும்" என்று கத்தினார். தன் தங்கையான அத்தை அழுததால் கூட்டிப்போனார், நானும் போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

கோயில் வாசலில் கட்டு அவிழ்ந்தது. புண்ணுக்குள் புழுக்கள் நெளிந்தன. நான் வாந்தி எடுத்தேன். அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மாள் அருகில் உட்கார்ந்து, வெறும் கையால் புழுக்களை எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

"மண்ணு வேணாம் தாயி, ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் வேண்டிக்கிறேன்" என்றார்.

திருச்சியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அத்தை பிழைத்தார். "என்னண்ணே, மாதா கைவிட்டுட்டாளா?" என்று அப்பாவின் கூட்டாளி சிரித்தார்.

"சாமி இல்லன்னுதான் இப்பவும் சொல்றேன். ஆனா கூடப் பொறந்தவன் நான் மூக்கப் பொத்திக்கிட்டு நின்னேன். அந்தம்மா எத நம்பி அந்தப் புழுவத் தொட்டுச்சுன்னு எனக்குத் தெரியல. தெரியாததக் கிண்டல் பண்ண மாட்டேன்" என்றார் அப்பா.

நானும் சாமி கும்பிடுவதில்லை. நேற்று அந்த நாற்றம் தாங்காமல் வெளியே ஓடி வந்துவிட்டேன்.