சுழல் நாற்காலியில் எடுத்த படம்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால்காரரை நம்ப மாட்டேன், காய்கறிக்காரியின் தராசை நம்ப மாட்டேன். எழுபதுகளின் கடைசியில் மயிலாப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில், உடம்புக்குள் கதிர்மருந்து ஏற்றிப் படம் எடுக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்தக் குணத்துக்குச் சம்பளமும் கிடைத்தது.

அந்த மருந்தின் கதிர்களைப் பிடிக்கும் எங்கள் காமா கேமரா நகராது. அதனால் நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பல கோணங்களில் எடுப்போம். அவற்றைக் கணக்குப் போட்டு இணைத்தால் உடம்பின் குறுக்குவெட்டு கிடைக்கும். நாற்காலி ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் செய்தது.

தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் மனைவிக்குக் கல்லீரலில் கட்டி. ஒன்று என்றால் வெட்டி எடுக்கலாம், இரண்டு என்றால் தொடவே மாட்டேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். எங்கள் படத்தில் இரண்டு தெரிந்தன. இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்ததால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கோணங்கள் போதவில்லையோ என்று, நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இரண்டு மடங்கு படம் எடுத்தோம். அப்போதும் இரண்டு. பட்டறைக்காரர் மட்டமான பேரிங்கைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று பொருமினேன். நாற்காலியைத் திருப்பிய டெக்னீஷியனையும் வைதேன்.

மறுநாள் அந்த அம்மாளை மறுபடி உட்காரவைத்து எடுக்கும்போது நாற்காலியையே முறைத்துக்கொண்டு நின்றேன். அது ஒழுங்காகத்தான் சுற்றியது. அந்த அம்மாள்தான் சுற்றவில்லை. எங்கள் பெரிய டாக்டர் எப்போதும்போல வாசலோரம் நின்றிருந்தார். நாற்காலி அவருக்கு முதுகு காட்டித் திரும்பும்போதெல்லாம், அம்மாள் இடுப்புக்கு மேல் அவர் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

ஏன் என்று கேட்டேன்.

“பெரியவங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு எப்படிம்மா உக்காருதது?”

டாக்டரை வெளியே போகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. மறுபடி எடுத்தோம். ஒரே கட்டி. அவர் திரும்பியதில் அதுவே இரண்டு இடத்தில் விழுந்திருந்தது.

ஓடிப்போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நேத்து ரெண்டுன்னீங்க, இன்னைக்கு ஒண்ணுங்கீங்க. நாளைக்கு ஒண்ணுமே இல்லம்பீங்களா?”

அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அந்த அம்மாள்தான், தான் திரும்பி உட்கார்ந்ததால் வந்த வினை என்று சொல்லி அவரை ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவைத்தார்.

ஆபரேஷன் நாள் வந்தது. என் படத்தை நானே நம்பவில்லை. ஒரே பெஞ்சில் கணவர் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் உட்கார்ந்திருந்தோம். சர்ஜன் வெளியே வந்து, ஒன்றுதான், எடுத்தாயிற்று என்றார். கணவர் அவரைப் பார்க்கவில்லை, நிஜந்தானா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்த பிறகுதான் அழுதார்.