கவுஹாத்தியில் நான் என்ன செய்தேன்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்து. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ் பால்கனியில் ஒரு துண்டு வெயில். மங்கி கேப்பை இழுத்து மூடி, அதற்குள் காதில் இயர்போனைச் செருகி, மார்கழிக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன். தில்லிக் குளிரில் வேறென்ன சொர்க்கம்?

எதிரே மகள். எம்.பி.பி.எஸ். கடைசி வருடம். இதய நோய்ப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தவள் என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அப்பா, சுப்சாப் உக்காருங்க. அசையாதீங்க.”

மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்றாள். அதுவரை இல்லை. கேட்டதும் இரண்டும் இருப்பதுபோல் தோன்றியது...

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் வாசலில் வால்வு கசியலாமாம். காரணங்களை அடுக்கியவள் ஒன்றில் நின்றாள் — சிஃபிலிஸ்.

அது என்ன என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். மகளுக்குக் கூச்சமே இல்லை. உடலுறவில் தொற்றும் நோய். வைத்தியம் பார்க்காவிட்டால் சத்தமின்றிப் பதுங்கி, இருபது முப்பது வருடம் கழித்துக்கூட அந்தக் குழாயைப் பலூன்போல் வீங்கவைக்கும். ஆரம்பத்திலேயே ஊசி போட்டால் தீர்ந்தது. தாமதித்துப் போட்டால் கிருமி மட்டும்தான் சாகும். கெட்ட குழாய் கெட்டதுதான்.

மனைவி கரண்டியோடு வந்தாள்.

“ஏங்க, கவுஹாத்தி போஸ்டிங்ல தனியா இருந்தீங்களே... அது எத்தனை வருஷம் முன்னாடி?”

இருபத்திரண்டு. கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்! அங்கே நான் செய்த ஒரே தப்பு, மெஸ்ஸில் ரசம் என்று கொடுத்ததை நம்பிக் குடித்தது. சொன்னால் நம்புவார்களா? நிரபராதி என்று நிரூபிக்கத் துடிக்கும் கணவனின் முகத்தைவிடத் திருட்டு முகம் உலகில் கிடையாது. போதாததற்கு நெஞ்சு இப்போது நிஜமாகவே தடதடத்தது.

மகள் போன் செய்ய, மாடி வீட்டு சர்தார்ஜி இறங்கி வந்தார். ரிட்டயரான இதய டாக்டர். ஒவ்வொரு துடிப்புக்கும் அப்பாவின் தலை ஆடியது, வால்வு கசிந்தால் அப்படித்தானே ஆடும் என்று அவரிடம்தான் மகள் முதன்முதலாகச் சொன்னாள்.

அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார். பிறகு என் குல்லாயைக் கழற்றினார். இயர்போன் மடியில் விழுந்தது. எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அவருடைய டர்பனும் ஆடத் தொடங்கியது.

ஹார்ட் பில்குல் டீக், ஒரு கோளாறும் இல்லை என்றார். மகள் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அந்த சிஃபிலிஸுக்கு ஒரு ரத்த டெஸ்ட் வேண்டாமா என்று கேட்டாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளைத் தட்டி இந்தியில் சொன்னார்:

“பண்ணிக்குங்க சாஹிப். ஹார்ட்டுக்கு வேண்டாம். வீட்டுக்கு வேணும்.”