விலை இறங்கட்டும் என்று காத்திருந்தவர்

ஞானம் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி, அவரே தொடங்கி அவரே நடத்திவந்த வாட்ஸப் குழுவில்தான் வந்தது. அதற்கு நேர் மேலே, அன்று விடிந்ததும் அவர் போட்ட செய்தி இருந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் எண்ணெய் வாங்கினால் சர்க்கரை இலவசம், சாயங்காலத்துக்குள் போய்விடுங்கள் என்று எழுதியிருந்தார். நாலைந்து பேர் அதற்குக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். கீழே அவர் மகன், "அப்பா தவறிட்டாங்க" என்று போட்டிருந்தான். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அது இன்னும் அடங்கவில்லை. அதனால் இது முறையான அஞ்சலியாக இருக்காது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எழுதச் சொன்னது அவர் மனைவி ரீட்டா அண்ணிதான். முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லதா நாலு வார்த்த எழுது தேவி" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "நெசத்தையும் எழுது" என்றார். இரண்டும் ஒரே தாளில் கூடிவருமா என்று தெரியவில்லை. முயற்சி செய்கிறேன்.

உங்களில் பெரும்பாலானவர்கள் அவரோடு வேலை பார்த்தவர்கள், அல்லது அவர் கூட்டிப்போன டூரில் வந்தவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்து ஞானப்பிரகாசம், திருவொற்றியூரில் எங்கள் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் அங்கேயே கணக்குப் பிரிவு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில், பஸ் ஸ்டாப்பில் புதுக் குடையோடு நின்றிருந்தேன். கொட்டும் மழையில் ஓடிவந்து என் குடைக்குள் புகுந்தவர், என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். வீட்டில் ஏதோ துக்கம் நடந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

"வெல ஜாஸ்தின்னு ஒண்ணு கெடையவே கெடையாதும்மா. நீ தப்பான நேரத்துல போயி வாங்கிகினு கீற, அவ்ளோதான்" என்றார். குடையைச் சித்திரையில் வாங்க வேண்டுமாம், மின்விசிறியை மார்கழியில் வாங்க வேண்டுமாம். பஸ் வரும்வரை பாடம் நடந்தது. பேசிக்கொண்டே குடையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டதில், பாதி நனைந்தது நான்தான்.

அந்தப் பாடத்தை அவர் சாகும்வரை நிறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாலைந்து பேரைக் காசிமேட்டுக்கு அழைத்துப்போனார். விடியற்காலையில் மீன் துள்ளிக்கொண்டிருந்தபோது வாங்க விடவில்லை. கூட்டம் கலையட்டும் என்றார். கூட்டம் கலைந்தது. வெயில் ஏறட்டும் என்றார். வெயில் எங்கள் உச்சியில் ஏறியது. எதிரே வஞ்சிரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் நேரம் நின்னீங்கன்னா கருவாடாவே வாங்கிகினு போலாம் நைனா" என்றார். அண்ணன் அசரவில்லை. கடைசியில் பாதி விலைக்குத்தான் வாங்கினார், அதை நான் மறுக்கவில்லை. வீட்டில் என் பங்குப் பையைத் திறந்ததும் அடித்த வாடையில் என் வீட்டுக்காரர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை நான் புகார் சொன்னபோது, புளியைத் தூக்கலாகப் போட்டிருக்க வேண்டும் என்று என்மேலேயே பழியைப் போட்டார்.

ரீட்டா அண்ணி பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை அவர் ஒருபோதும் கிறிஸ்துமஸுக்கு முன் வாங்கியதில்லை. பண்டிகை முடிந்த மறுநாள், கடைக்காரர் கழித்துத் தள்ளும்போது வாங்கிப் பரண்மேல் வைப்பார். அடுத்த வருஷம் இறக்குவார். தெருவெல்லாம் புது மாதிரி நட்சத்திரம் மின்னும்போது, இவர்கள் வீட்டு வாசலில் மட்டும் போன வருஷத்தது தொங்கும். ஒரு வருஷம் எலி ஒரு முனையைத் தின்றுவிட்டது. அந்த முனையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டு, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று கேட்டார். கேரல் பாட வந்தவர்கள் எல்லோரும் கவனித்தார்கள்.

ஆனால் டூர் விஷயத்தில் அவரைக் குறை சொல்ல என் நாக்கு கூசுகிறது. கூசினாலும் சொல்லத்தான் போகிறேன். ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லை, அதனால் ஊர் ஊராகக் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். அதே ஆடியில்தான் குற்றாலத்தில் சாரல். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. சீசனில் லாட்ஜ்காரர்கள் வாய்க்கு வந்த வாடகை சொல்லும்போது, நாங்கள் ஒரு பெரிய மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தோம். சமையல்கூடம், பாத்திரம், தண்ணீர் எல்லாம் அங்கேயே இருந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஆலை மூடிக்கிடந்த வருஷம், நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "நீ ரசப்பொடி அரைச்சு எட்த்துகினு வா. அதான் ஒன் பங்கு" என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குள் போய்விட்டார். என் மகள்கள் அருவியை முதன்முதலில் பார்த்தது அந்தப் பயணத்தில்தான்.

அதற்கு அடுத்த ஆடியில்தான் அந்தக் கூத்து நடந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துப் பதிவு செய்துவிடுங்கள் என்று எல்லோருமாகச் சொன்னோம். முன்பணம் கொடுத்துவிட்டால் அப்புறம் பேரம் பேச முடியாது, ஆடியில் நம்மைவிட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அன்றன்றைக்கு வாடகை கொடுப்பதாகப் பேசிவைத்தார். இரண்டாம் நாள் அருவியில் குளித்துவிட்டு, தலையில் எண்ணெயும் தோளில் ஈரத்துணியுமாகத் திரும்பினோம். மண்டப வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாய்களும் பைகளும் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன.

அண்ணன் மேனேஜரிடம் பாய்ந்தார். ஆடி மாசத்தில் எவனாவது கல்யாணம் வைப்பானா, யாரை ஏமாற்றுகிறாய் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். உள்ளேயிருந்து பெண்ணின் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, அமைதியான மனிதர். "அண்ணாச்சி, நாங்க வேதக்காரங்க, சர்ச்சுல தாலி கட்டுறவங்க. எங்களுக்கு ஏது ஆடி?" என்றார். அண்ணன் கழுத்தில் ஜெபமாலை தொங்கிக்கொண்டிருந்தது. அதை அந்த மனிதர் பார்த்தார், நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பைக்குவியல்மேல் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்த ரீட்டா அண்ணி மட்டும் பார்க்கவில்லை. "நம்ம கல்யாணமே ஆடியிலதான நடந்துச்சு. மண்டபம் சல்லிசா கெடைக்குதுன்னு நீதான் எங்க நைனாகிட்ட சண்ட போட்டு வச்ச" என்றார்.

ஞானம் அண்ணன் குனிந்து பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தார். பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். மாடியில் காலியாக இருந்த அறைகளை எங்களுக்குத் திறந்துவிடச் சொன்னார். சும்மா இருக்க மனம் வராமல் நாங்கள் பெண்கள் எல்லாம் சாயங்காலம் காய் நறுக்க உட்கார்ந்தோம். மறுநாள் கல்யாணச் சாப்பாடு. ஊர் திரும்பியதும், அந்த டூரில் சாப்பாட்டுச் செலவே இல்லை, எப்படிப் போட்டேன் திட்டம் என்று சொல்லித் திரிந்தார். வாய் கூசாமல் சொன்னார். மொய் எழுதும் மேஜையில் அவர் வைத்த உறை எவ்வளவு கனமாக இருந்தது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றிருந்ததால் தெரியும்.

இனி நிஜத்தைச் சொல்ல வேண்டும். இந்தச் சித்திரையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். காலடிப்பேட்டையில் நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அன்றே ரீட்டா அண்ணிக்குப் போன் செய்து, அவர்கள் எப்போதும் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப்போக வைத்தேன். தாமதிக்காமல் இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று அவர் சீட்டு எழுதிக்கொடுத்தார். அண்ணன் அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார், ஸ்கேன் எடுக்கவில்லை. வருஷாவருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் நடக்கும், அதில் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார். இந்த வருஷம் அங்கே பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் இடம் கிடைக்காமல் முகாம் தள்ளிப்போனது. முகாமோடு இவரும் தள்ளிப்போட்டார்.

நான் சண்டை போட்டேன். குடை வாங்குவதும் இதுவும் ஒன்றா என்று கேட்டேன். அரசு ஆஸ்பத்திரியிலும் இலவசமாகத்தானே பார்க்கிறார்கள், அங்கேயாவது போங்கள் என்றேன். அங்கே போனால் ஒரு நாள் முழுக்க வரிசையில் நிற்க வேண்டும், ஆடி டூருக்கு ரயில் டிக்கெட் திறக்கிற சமயம், அந்த வரிசையை யார் பார்ப்பது என்றார். "கேம்ப்புலயும் அதே ஸ்கேனுதான் எடுக்கறான். அதே டாக்டருதான் பாக்கறான். நாலு நாள்ல இன்னா ஆயிடப் போவுது தேவி?" என்றார். பணம் இல்லாதவர் இல்லை. பென்ஷன் வந்தது, மகன் சம்பாதிக்கிறான். முழு விலை கொடுப்பது தோல்வி என்று அவருக்குள் ஊறிப்போயிருந்தது. டிக்கெட் கவுண்டரில் மட்டும் முதல் ஆளாகப் போய் நின்று எங்கள் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, போய்விட்டார். முகாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

அடக்கத்தன்று பூ வாங்க ஆட்கள் கிளம்பினார்கள். வழக்கமாகப் பேசும் கடையில் பேசி வாங்கலாம் என்று யாரோ சொன்னது ரீட்டா அண்ணி காதில் விழுந்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்திலிருந்து தலையைத் தூக்கி, "யாரும் பேரம் பேசாதீங்கப்பா. இன்னிக்கு ஒரு நாளாச்சும் கேக்கற காசக் குடுத்து வாங்கினு வாங்க" என்றார். அங்கிருந்த எங்களில் பலர் அப்போதுதான் வாய்விட்டு அழுதோம்.

டூரை ரத்து செய்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். ரீட்டா அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் பிடிப்பார்கள், செத்தும் அவர் என்னை நிம்மதியாக விடமாட்டார் என்றார். சரி, போகலாம், ஆனால் ரயில் ஏறுவதற்கு முன் எல்லோரும் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், செய்யாதவர்களுக்கு ரயிலில் இடமில்லை என்று குழுவில் எழுதினேன். முணுமுணுத்தார்கள், ஆனாலும் வந்தார்கள். போன வாரம், குழுவில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரு தனியார் பரிசோதனை மையத்தின் வரவேற்பறையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

கவுண்டரில் இருந்த பெண் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னாள். அடுத்த மாதம் இதே பரிசோதனைகளுக்குப் பாதி விலைதான், அப்போது வருகிறீர்களா என்று கேட்டாள். எல்லோரும் ஞானம் அண்ணனிடம் பாடம் படித்தவர்கள். ஒரு மாதம்தானே, டூர் முடிந்து வந்து எடுத்துக்கொள்ளலாமே என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கே ஒரு நொடி கை அரித்தது. ரீட்டா அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் வேணாம்மா, இன்னிக்கே எடுங்க" என்றேன். சொன்ன சூட்டிலேயே கவுண்டரில் முழங்கையை ஊன்றினேன். "இத்தன பேரு சேந்து வந்துகீறோம். இன்னிக்கே எடுத்தா இன்னா கொறைப்பீங்க, அத்த சொல்லுங்க" என்றேன். அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். குறைத்தார்கள். பாதி இல்லை, கொஞ்சம்தான். ரீட்டா அண்ணியின் பெயரை முதலில் எழுதச் சொன்னேன்.

ஞானம் அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது எதற்கும் கூசாத அந்த வாயைத்தான். இனி எந்தக் கடையிலும் அது எனக்கு உதவும். அவருடைய பொறுமையை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதை அவரே கொண்டுபோகட்டும்.