கல்யாணப் பெண்ணும் திறக்காத கார் கதவும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், மாங்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, கூடவே தலையும் சுற்றுகிறது.

நாங்கள் இருப்பது கோவில்பதாகையில். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அன்று கல்யாணம். பெண்ணை அழைத்துப் போக வாடகைக்குப் பேசியிருந்த பெரிய கார், வருகிற வழியில் சென்னீர்குப்பத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. தெருவில் அந்த நேரத்தில் நின்ற ஒரே கார் என்னுடையது. என் கார் என்றால் சும்மா இல்லை. எனக்கு முன்பே இரண்டு பேர் ஓட்டித் தள்ளிவிட்ட கார். என் வீட்டுக்காரர் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஓட்டை'. வலது பக்கத்துப் பின் கதவு ஒரு லாரி இடித்து நசுங்கிய நாளிலிருந்து திறக்காது. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு நானே வாங்கிய வண்டி. எனக்கு அது தங்கம்.

பையன்கள் ஓடி வந்து பூச்சரங்களைக் கண்ணாடிகளின் மேல் டேப் போட்டு ஒட்டினார்கள். பின் சீட்டில் பெண், முன் சீட்டில் அவள் அம்மா. ஆவடி, பூந்தமல்லி வழியாக மாங்காடு போய்ச் சேர்ந்தோம். பெண் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணப் பெண் என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

மண்டப வாசலில் மேளம் கொட்ட, மாப்பிள்ளையின் அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். பெண்ணின் அம்மா இறங்கிப் போய் அவர்கள் பக்கம் நின்றுகொண்டார். நான் இறங்கி, டிரைவர் கதவில் சாவியைத் திருப்பினேன். அப்படித் திருப்பினால் மற்ற கதவுகளின் பூட்டும் தானாகத் திறந்துகொள்ளும். பெண்ணின் தாய்மாமன் இடது பக்கத்துப் பின் கதவை இழுத்தார். வரவில்லை.

மறுபடி திருப்பினேன். 'டக்' என்று பூட்டு மேலே வருகிற சத்தம் கேட்டது. அவர் இழுப்பதற்குள் 'டக்' என்று கீழே இறங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கதவு அதுவரை ஒருநாளும் என்னிடம் வாலாட்டியதில்லை.

"இன்னாக்கா வண்டி இது? பேய் பூந்துகிச்சா?" என்றார் தாய்மாமன்.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு வைத்தியம். ஒருவர் ஃபியூஸ் போயிருக்கும் என்றார். ஃபியூஸ் போனால் சத்தமே வராதே என்றேன். ஒருவர் பேட்டரி வீக் என்றார். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன், அதே கதைதான். பூட்டு இருக்கும் இடத்தில் கையால் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்பினோம். பெண்ணை உள்ளேயிருந்து பூட்டுக் குமிழைத் தூக்கச் சொன்னோம், 'வரலியே' என்றாள். கைப்பிடியை யாரும் தொடாமல் இருந்தும் பார்த்தோம். மேலே வரும், உடனே இறங்கும். ஒரு தடவை கதவுக்குள் இருக்கும் பூட்டு மோட்டார் 'டர்ர்ர்' என்று முனகியது.

யாரோ ஒரு பையன், "கண்ணாடிய ஒடச்சிடலாமா?" என்று கேட்டான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் அவனை அடிக்காத குறை. "கல்யாணத்தன்னிக்கு கண்ணாடிய ஒடக்கிறதா? வாயக் கழுவுடா!" சரி, முன் சீட்டு வழியாக வரச் சொல்லலாமே என்றேன். அதற்கும் முறைத்தார்கள். மருமகள் சீட்டு ஏறிக் குதித்தா வருவாள்? பின் கதவு திறந்து, ஆரத்தி எடுத்து, வலது கால் வைத்து இறங்க வேண்டும். அதற்குள் பின்னால் இரண்டு பேர் 'சகுனமே சரியில்லையே' என்று ஆரம்பித்துவிட்டார்கள். பெண்ணின் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. என் வண்டியால் ஒரு கல்யாணம் கெட்டுப்போகப் போகிறது என்று பயந்துவிட்டேன்.

உள்ளே இருக்கும் பூட்டு சுவிட்சை அழுத்திப் பார்க்கலாம் என்று டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். சுவிட்சை அழுத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி ஓரத்தில் மேலே எழும்பிய பூட்டுக் குமிழைப் பெண்ணின் மருதாணிக் கட்டைவிரல் ஒரே அமுக்காக அமுக்கியது. வெளியே பூச்சரம் மறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"அடியே, நீயா?" என்றேன்.

அவள் அழவில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. "தொறக்காதீங்கக்கா. கொஞ்ச நேரம்" என்றாள்.

பையனைப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். பிடித்திருக்கிறது என்றாள். பின்னே என்ன கேடு என்று பல்லைக் கடித்தேன். அப்போதுதான் சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. அந்த வருடம்தான் நிரந்தரம் செய்திருந்தார்கள். அன்று காலை அலங்காரம் செய்யும்போது அத்தை ஒருத்தி, "இனிமே உனக்கு ஷிஃப்ட்டு கிஃப்ட்டு ஒண்ணும் கெடயாது, நீ வேலைய வுட்டுடுவேன்னு உங்கப்பா மாப்ள வீட்டாண்ட சொல்லிட்டாரு" என்று வாழ்த்துகிற மாதிரி சொல்லியிருக்கிறாள். அப்பாவிடம் கேட்டால், தாலி ஏறட்டும், பேசிக்கலாம் என்றாராம். நலங்கு வைத்த நாளிலிருந்து போன் அம்மாவின் கையில்.

"அவராண்ட ஒரே ஒரு வார்த்த கேக்கணும்க்கா. உள்ள போய்ட்டா யாரும் கேக்க வுட மாட்டாங்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இறங்கி, பட்டு வேட்டியோடு வாசலில் விழித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையைக் கைகாட்டி, "தம்பி கார் கம்பெனியிலதான வேல பாக்குது? உள்ள வந்து பாக்கட்டும்" என்றேன். அந்தப் பிள்ளை கார் கம்பெனியில் பில் போடுகிறவர். ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டிருப்பாரா என்பதே சந்தேகம். ஆனால் கார் கம்பெனி என்றதும் எல்லோரும் வழிவிட்டார்கள்.

அவர் முன் சீட்டில் ஏறினார். கதவைச் சாத்திவிட்டு நான் வெளியே நின்று சாவியைத் திருப்பு திருப்பு என்று திருப்பினேன். மேளச் சத்தத்தில் உள்ளே பேசுவது எதுவும் கேட்கவில்லை. தாய்மாமன், "இன்னாதான் பண்றாரு?" என்று எட்டிப் பார்க்க வந்தபோதெல்லாம் குறுக்கே போய் நின்றேன். ஐயர் வேறு உள்ளிருந்து ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை இறங்கினார். முகத்தைப் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளே இருந்து பெண், "இப்ப தொறங்கக்கா" என்றாள்.

அப்பாடா என்று சாவியைத் திருப்பினேன். கதவு வரவில்லை! விளையாடுகிறாளா என்று முன் கதவு வழியாக எட்டிப் பார்த்தால், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழிக்கிறாள். குமிழைப் பிடித்துத் தூக்கினாள். அது லொடலொடவென்று வந்தது, பூட்டு அசையவில்லை. மோட்டார் மேலே தள்ளத் தள்ள இவள் கீழே அமுக்கியதில், உள்ளே இருக்கும் கம்பி கொக்கியை விட்டுக் கழன்றுவிட்டது என்று மறுநாள் மெக்கானிக் சொன்னார். பொய்க்குக் கெட்டுப்போன பூட்டு நிஜமாகவே கெட்டுப்போயிருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, தள்ளுங்க" என்றாள் அவள். கூறைப் புடவையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே காலைத் தூக்கிப் போட்டாள். ஜடையிலிருந்த பூ பாதி கியரில் மாட்டிக்கொண்டது. இடது கால்தான் முதலில் தரையில் பட்டது. பெரியம்மா வாயைப் பிளந்தார். மாப்பிள்ளை, ஆரத்தித் தட்டோடு நின்ற அக்காவிடம், "கதவு தொறக்கலன்னா அவ இன்னாதான் பண்ணுவா? சுத்துக்கா சீக்கிரம்" என்றார். சிரிப்பு பரவியது. தாலி நேரத்துக்கு ஏறியது.

பல வாரம் கழித்து அவளைத் தெருவில் பார்த்தபோது கேட்டேன், அன்றைக்கு அவர் என்னதான் சொன்னார் என்று. "வேலைய வுடணுமான்னு கேட்டேன். 'அப்டியா சொன்னாங்க? என்னாண்ட யாரும் கேக்கலியே'ன்னு முழிச்சாருக்கா" என்றாள். அதற்கா சீட்டைத் தாண்டி வந்தாய் என்றேன். "ஆமாக்கா. அவருக்கும் தெரியாதுன்னு தெரிஞ்சதும் இன்னாவோ தைரியம் வந்துச்சு." அதன் பிறகு இரண்டு வீட்டிலும் வேலையை வைத்துச் சண்டை நடந்தது. அவள் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

அவர் வேறு பதில் சொல்லியிருந்தால் நான் அந்தக் கதவை என்ன செய்திருப்பேன் என்று யோசித்தால் இப்போதும் குழம்பிப் போகிறேன். ஆனால் அத்தனை பேர் காரைச் சுற்றி நின்று பூட்டுக்கு என்ன ஆச்சு என்று கேட்டோமே, உள்ளே இருந்தவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்க நான் உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பது மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.