ரண்டு சந்தையும் ஒரு சம்பந்தமும்

லண்டனில எங்கட சனத்துக்குக் கோச் ஓட்டுறவன் ஸ்ரியறிங்கை மட்டும் பிடிச்சால் காணாது. சத்தி எடுக்கிறவைக்கு வாளி பிடிக்கவேணும், அழுகிற பிள்ளைக்குப் பராக்குக் காட்டவேணும், சிலநேரம் மாப்பிளையும் பிடிச்சுக் குடுக்கவேணும். இருபது வருஷமா வெம்பிளியில இருந்து இதுதான் என்ர சீவியம். நீங்கள் கோச் ஓட்டாட்டிலும் பரவாயில்லை. வீட்டில ஒரு கலியாணம் பேசியிருந்தால் என்ர பாடு உங்களுக்கு விளங்கும்.

போன கோடையில ஒரு பாங்க் ஹொலிடே திங்கட்கிழமை, எங்கட சேர்ச் ஆக்களைக் கிங்ஸ் லின் எண்ட பழைய துறைமுகப் பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான். துறைமுகம் பாக்கிறது வெளிக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம் என்ர தம்பி ஜூட். வயது முப்பத்தொன்பது. ஏழு சம்பந்தம் பேசி ஏழும் சரிவரேல்லை. இது எட்டாவது. இதுவும் பிழைச்சால் இனி என்னோட இந்தக் கதையே எடுக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டான். அவன் தனியச் சமைச்சு, ரீவியைப் பாத்துக்கொண்டு தனியச் சாப்பிடுறதைப் பாக்க எனக்கு மனம் பொறுக்கிறேல்லை.

நாலாவது வரிசை

பொம்பிளை டிலானி, பிளேஸ்டோவில ஒரு பார்மசியில வேலை. எங்கட ஆக்களின்ர முறை உங்களுக்குத் தெரியும்தானே: முதல் தரம் பாக்கிறது ‘தற்செயலா’ நடக்கவேணும். சரிவந்தால் கடவுள் காட்டினவர். சரிவராட்டில் ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கவேயில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. பேசிவைச்சவா றெஜினா அக்கா. பயணத்துக்கு ஆள் சேத்தவாவும் அவாதான். பொம்பிளை வீட்டுப் போன் நம்பரை என்ர கண்ணிலயும் காட்டேல்லை.

சீற் பிரிச்சது நான். ஜூட் முன் சீற்றில, டிலானியும் தாயும் நாலாவது வரிசையில. கிட்டவும் இல்லை, எட்டவும் இல்லை. என்ர மூளையை நானே மெச்சிக்கொண்டன். வழியில தேத்தண்ணிக்கு நிப்பாட்டேக்க தாய் மெல்ல என்ர காதுக்குள்ள சொன்னா: “தம்பி, போய்ச் சேருமட்டும் மாப்பிளையின்ர பின்மண்டையைத்தான் பாக்கிறதோ?”

ஒரு மணிக்குப் போட்டோ

கிங்ஸ் லினுக்கு நானும் அண்டைக்குத்தான் முதல் தரம் போறன். அதை வெளியில சொல்லலாமோ? மைக்கைப் பிடிச்சு, பிறந்து வளந்ததே அங்கதான் எண்ட மாதிரி, “ஒரு மணிக்கு எல்லாரும் சந்தை வெளிக்கு வாங்கோ, குறூப் போட்டோ எடுக்கிறம்” எண்டன். போட்டோவுக்கு நெருக்கி நிக்கேக்க ரண்டு வீடும் ‘தற்செயலா’ பக்கத்தில பக்கத்தில நிக்கும். அதுதான் திட்டம்.

இவ்வளவு தூரம் ஓட்டினால் ரைவர் முக்கால் மணித்தியாலம் ஆறவேணும் எண்டது சட்டம். கோச்சை நிப்பாட்டி, கட்டிக்கொண்டு வந்த புட்டை வாயில வைக்கிறன், பக்கத்துக் கோச் ரைவர் கதை குடுத்தான். உள்ளூர் வெள்ளைக்காரன். எங்கட ஆக்கள் ஒரு மணிக்குச் சந்தையில கூடுகினம் எண்டன். அவன் சிரிச்சான். “எந்தச் சந்தையில? இந்த ஊரில செவ்வாய்ச் சந்தை எண்டு ஒரு வெளி, சனிச் சந்தை எண்டு இன்னொரு வெளி. நீ திங்கட்கிழமை வந்து நிக்கிறாய்!”

அந்தரப்படாத அக்கா

புட்டு தொண்டையில நிண்டுது. ஜூட்டுக்கு அடிச்சன். போன் அவன்ர சீற்றில கிடந்து பாடுது, கோதாரி. ஓடினன். தெற்குப் பக்கம், பெரிய சேர்ச்சுக்கு முன்னால சனிச் சந்தை. அங்க டிலானியின்ர தாயும் அரைவாசிச் சனமும் தலை சீவிக்கொண்டு நிக்கினம். பொம்பிளையைக் காணேல்லை. மூச்சு வாங்க வாங்கப் பத்து நிமிசம் வடக்க ஓடினால் செவ்வாய்ச் சந்தை. சந்தை என்ன சந்தை, முழுக்கக் கார் நிக்குது. கார்களுக்கு நடுவில றெஜினா அக்காவும் மிச்ச அரைவாசியும். மாப்பிளையைக் காணேல்லை. ஊர் ரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் எண்டுவினம். சந்தை ரண்டுபட்டால் ரைவருக்குச் சாவு.

“அக்கா, பொம்பிளையின்ர தாய் அங்க காத்துக்கொண்டு நிக்கிறா, ஒரு கோல் அடியுங்கோ” எண்டு கெஞ்சினன். எட்டாம் தரமும் தம்பி தொங்கின முகத்தோட வீட்டை வாறது கண்ணுக்கு முன்னால நிண்டுது. எனக்கு அழுகையே வரப் பாத்தது. அக்கா அசையேல்லை. “நாங்கள் முதல் அடிச்சால் மாப்பிளை வீடு அவசரப்பட்டு அந்தரப்படுது எண்டு நினைப்பினம். அவை அடிக்கட்டும்.”

சுங்க வீட்டடியில

ரண்டு சந்தைக்கும் நடுவில, ஆத்தங்கரையில, பழைய சுங்க வீடு ஒண்டு இருக்கு. முந்திக் கப்பல் வந்து சாமான் இறக்கின இடமாம். திரும்பி ஓடேக்க அதடியில பாத்தன். கல்லுக்கட்டில ரண்டு பேர், நடுவில ஒரு சிப்ஸ் பெட்டி, சுத்திவரக் கடற்காகங்கள். ஒராள் என்ர தம்பி, மற்றது டிலானி. ஐம்பத்திரண்டு வயதில நான் சுவருக்குப் பின்னால ஒளிச்சன்.

நடந்ததைக் கோச்சடிக்கு வந்து ஜூட் சொன்னான். சனத்துக்கு முன்னால காட்சிக்கு நிக்க ரண்டு பேருக்கும் விருப்பமில்லை. சொல்லிவைச்ச மாதிரி ரண்டு பேரும் சந்தைக்கு வராமல் ஆத்துப் பக்கம் போயிருக்கினம். டிலானிதான் முதல் கதைச்சவாவாம்: “ரைவற்ற தம்பி எண்டு ஒராள் வந்திருக்கிறாராம், உங்களுக்குத் தெரியுமோ? எப்பிடி ஆள்?” தான்தான் அவன் எண்டு அவவுக்குத் தெரியாது எண்டு நினைச்சு, இந்த விசரன் உள்ளதையெல்லாம் கொட்டியிருக்கிறான். ஏழு இடத்தில வேண்டாம் எண்டவை, நல்லாக் குறட்டை விடுவான், கோவம் வந்தால் ரண்டு நாள் கதையான், மீன்குழம்பு மட்டும் வடிவா வைப்பான். எட்டாவதும் போச்சு எண்டு படியில இருந்திட்டன்.

கடைசியா டிலானி ஏற வந்தா. “தங்கச்சி, நீங்கள் கதைச்ச ஆள்தான் என்ர தம்பி. குறை நினையாதையுங்கோ” எண்டன். அவ நாலாவது வரிசைக்குப் போகேல்லை. முன் சீற்றில ஜூட்டுக்குப் பக்கத்தில போய் இருந்துகொண்டு சொன்னா: “தெரியும் அண்ணை, வரேக்க வழி முழுக்க இந்தப் பின்மண்டையைத்தானே பாத்துக்கொண்டு வந்தனான். பொய் சொல்லுறாரோ எண்டு பாக்கத்தான் கேட்டனான்.”

வாற மாசம் கலியாணம். இருபது வருஷத்தில, சனத்துக்குப் பிழையா வழி சொன்னதுக்கு எனக்கு வேட்டி சட்டை கிடைக்கிறது இதுதான் முதல் தரம்.