வாத்தும் எதிர்க்காற்றும்

மைதானத்தில் அவளை எல்லோரும் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். பாதங்களை இரண்டு பக்கமும் விரித்து, அசைந்து அசைந்து நடப்பாள். கடைக்கு அனுப்பினால் அவள் திரும்புவதற்குள் பசியே அடங்கிவிடும் என்பாள் அம்மா. அதே பெண் தொடக்கக் கோட்டில் குனிந்து எழுந்தால், பார்க்கிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொள்ள வேண்டியதுதான். பதினேழு வயதில், நூறு மீட்டரில், வட்டாரச் சாதனையை உடைத்துப் போட்டாள்.

அதுவரை அந்தச் சாதனை டிக்கெட் அக்காவுடையது. ரயில் நிலைய கவுன்டரில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் ஓட வருகிறவள். அன்று வாத்தை முதலில் கட்டிப்பிடித்ததும் அவள்தான். மறுநாள் பத்திரிகையில் பெரிய படம்; கீழே, எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடினாள் என்று வானளாவப் புகழ்ச்சி. நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர்களுக்கான பயிற்சி முகாமில் இடமும் கிடைத்தது. அம்மா அந்தப் படத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். தண்ணீர் குடிக்க வந்தவர்கள்கூட அதைப் பார்க்காமல் தப்ப முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு அந்த வேகம் வரவே இல்லை. தலைகீழாக நின்று பார்த்தாள், பயிற்சியில் ஒரு தடவைகூட அதன் பக்கத்தில் போக முடியவில்லை. உடம்பு அசதி என்றார்கள், முகாமை நினைத்துப் பதற்றம் என்றார்கள். வாத்துக்கு இந்தப் பதில்கள் போதவில்லை. ஏன், எதற்கு என்று கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு காலையில் பால் எடுக்கப் போனவள் கதவைத் திறக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முடிவுக் கோட்டுக்குப் பின்னால் கம்பத்தில் ஒரு கொடி. அது அவள் ஓடி வந்த திசையிலேயே, அவளுக்கு வழிகாட்டுவது போல முன்னால் நீட்டிப் பறந்துகொண்டிருந்தது. எதிர்க்காற்று அடித்திருந்தால் கொடி அவள் பக்கம் அல்லவா பறந்திருக்க வேண்டும்?

முதுகில் காற்று பலமாகத் தள்ளினால் ஓட்டத்தில் ஜெயிக்கலாம், சாதனையாக மட்டும் ஏற்கமாட்டார்கள். அதற்காகவே ஓடுதளத்தின் ஓரத்தில் காற்றை அளக்கும் கருவியை வைப்பார்கள். மைதானத்தில் அதற்குப் பெயர் காத்து மீட்டர். அதன்மேல் வரைந்த அம்புக்குறி முடிவுக் கோட்டைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அன்றைக்கு அதற்குரிய ஆள் வராததால், அவசரத்துக்கு அங்கே உட்கார வைக்கப்பட்டவர் மைதானப் பராமரிப்பாளர். அதாவது வாத்தின் அப்பா.

அப்பா புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அன்னைக்கு மீட்டர்ல இருந்த அம்புக்குறி எந்தப் பக்கம் பார்த்துச்சு?"

"இது என்னடி கேள்வி? வெயில் நேரா திரையில அடிச்சுது, ஒரு எழவும் தெரியலை. அதான் மீட்டரை இப்படித் திருப்பி..."

திருப்பிக் காட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. முடிவுக் கோட்டைப் பார்க்க வேண்டிய அம்பு தொடக்கக் கோட்டைப் பார்த்திருக்கிறது. முதுகில் தள்ளிய காற்றை மீட்டர் எதிர்க்காற்று என்று காட்டியிருக்கிறது. வாழ்நாளில் ஒரு சுண்ணாம்புக் கோட்டைக்கூடக் கோணலாகப் போடாத மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கும் தெரியாதும்மா," என்றார். "நீ முகாமுக்குப் போயிட்டு வா. அப்புறம் பார்த்துக்கலாம்."

அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. அதைவிட, முகாமுக்குப் போக வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது. பேசாமல் இருந்தால் எல்லாம் கையில் இருக்கும். நேராக ரயில் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்றாள்.

"எங்கே போகணும்?" என்று தலை நிமிராமல் கேட்டாள் டிக்கெட் அக்கா.

"அக்கா, அன்னைக்குக் கொடி எந்தப் பக்கம் பறந்துச்சுன்னு நீங்க பார்த்தீங்களா?"

அக்கா நிமிர்ந்தாள். "பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னா வயித்தெரிச்சல்ல பேசறான்னு சொல்லுவாங்க. எனக்கு வயித்தெரிச்சல் இல்லைன்னும் சொல்ல முடியாதுடி. அதான் வாயை மூடிக்கிட்டேன்."

"அம்மா, வண்டி போயிடும்மா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார். வாத்து நகர்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து, "நான் தடகளச் சங்கத்துல சொல்லப் போறேம்ப்பா," என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார். அங்கே அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"மீட்டரைத் திருப்பி வச்சது நான். பிள்ளை மேல தப்பில்லை."

சாதனை ரத்தாகி மறுபடி டிக்கெட் அக்காவுடையதானது, முகாமும் போனது. அவள் போர்வைக்குள் கிடந்து அழுது தீர்த்தாள். பிறகு ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து, "அப்போ நிஜமா நான் எவ்வளவு வேகம்?" என்று கேட்டாள். காலணியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள்.

அதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் பிடித்தது. அந்த வருட வட்டாரப் போட்டியின் இறுதி ஓட்டத்துக்குக் காத்து மீட்டரில் உட்கார டிக்கெட் அக்காவே முன்வந்து கேட்டாள். ஓடுவதை நிறுத்திவிட்டு, தேர்வு எழுதி, அப்போதுதான் நடுவராகியிருந்தாள். தன் சாதனையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துப்பாக்கி வெடித்தது. வாத்து முதலில் வந்தாள். கடிகாரத்தில் சாதனையைவிடக் குறைந்த நேரத்தைப் பார்த்துக் கூட்டம் எழுந்து நின்று கூச்சலிட்டது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மூச்சிரைக்கத் திரும்பி, ஓடுதளத்தின் பாதித் தூரத்தில், ஓரமாக மீட்டருக்குப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

டிக்கெட் அக்கா திரையைப் பார்த்தாள். குனிந்து அம்புக்குறியை இன்னொரு தடவை பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் உதடு கோணியிருந்தது.

"காத்து சரியா இருக்குடி!" என்று அழுதுகொண்டே கத்தினாள். "போச்சுடி என்னோடது!"